கையெழுத்துப் போடாத கெட்டிக்காரிகள்

மொலியேரின் நாடகங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விதமான கருத்துகள் காதில் விழுகின்றன. அந்த நாடகங்களில் பெண்கள்தான் பலசாலிகள், ஆண்கள் எல்லாரும் அசடுகள் என்பார்கள் சிலர். வேறு சிலர் இதற்கு நேர் எதிராகச் சொல்வார்கள். மொலியேர் படித்த பெண்களைக் கேலி செய்தவர், அவருடைய கதாநாயகிகளுக்கு வாய் மட்டும்தான் நீளம், கடைசிக் காட்சியில் எல்லாரும் கல்யாணத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள் என்பது அவர்கள் கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை என் அனுபவத்தில் பட்டபடி சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கம்பரைப் படிப்பதற்கு முன்பே மொலியேரைப் படிக்க வைத்தார்கள். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை. கோப்பு, குறிப்பு, கையெழுத்து, முத்திரை இவற்றோடு குப்பை கொட்டியவன். அந்தப் பழக்கதோஷம் இன்னும் போகவில்லை. ஒரு நாடகத்தைப் படித்தாலும் என் கண் முதலில் தேடுவது இதைத்தான்: இதில் என்ன பத்திரம் இருக்கிறது, எழுதியது யார், கையெழுத்துப் போட்டது யார்?

அப்படிப் படித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. பழைய பிரெஞ்சு இன்பியல் நாடகங்களில் எங்கு பார்த்தாலும் காகிதம்தான். கல்யாண ஒப்பந்தம், தானப் பத்திரம், உயில், கடன் சீட்டு. காட்சிக்கு நடுவில் நொத்தேர் வந்து நிற்பார். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், சட்டப்படி செல்லும் பத்திரங்களை எழுதிப் பதிந்து வைக்கும் அதிகாரி. அந்தக் காகிதங்களில் பேனா பிடிப்பவன் பெரும்பாலும் ஆண். எதிரில் நிற்கும் பெண்ணிடம் இருப்பவை இரண்டுதான்: பார்க்கிற கண், பேசுகிற வாய். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு காகிதத்தோடு அவள் போடும் சண்டையில்தான் அவளுடைய பலம் தெரிகிறது. அவள் எங்கே தோற்கிறாள் என்பதையும் அங்கேதான் பார்க்க வேண்டும்.

முதலில் 'தர்த்துய்ஃப்'. 1664ல் வெர்சாயில் அரசர் முன்னால் அரங்கேறி உடனே தடை செய்யப்பட்டு, ஐந்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1669ல்தான் பொதுமக்கள் முன் நடிக்க அனுமதி கிடைத்த நாடகம். ஓர்கோன் என்ற பணக்காரர், பக்திமான் வேடம் போட்ட ஒரு போலியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார். அந்த ஆள் யார் என்பது ஓர்கோனின் மனைவி எல்மீருக்குத் தெரியும். பணிப்பெண் தொரீனுக்கு முதல் நாளே தெரியும். மனைவிக்குக் காய்ச்சல் என்று தொரீன் சொல்லச் சொல்ல, ஓர்கோன் தர்த்துய்ஃப் எப்படி இருக்கிறான் என்று மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவன் நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான் என்று அவள் சொல்ல, பாவம் அந்த மனிதன் என்று இவர் உருகுகிறார். அரங்கமே சிரிக்கும் இடம் அது.

மகளை அந்தப் போலிக்கே கட்டிக்கொடுக்கிறேன் என்று ஓர்கோன் கிளம்பும்போது, மகள் மரியான் வாயைத் திறக்கவில்லை. தகப்பன் சொல்லுக்கு மறு சொல் இல்லை என்று வளர்த்திருக்கிறார்கள். வாயைத் திறப்பது தொரீன். முதலாளி அடிக்கக் கை ஓங்கும் வரை பேசுகிறாள். பிறகு மரியானையும் ஒரு பிடி பிடிக்கிறாள். காதலர்கள் இருவரும் ஊடிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போக, இரண்டு பேர் கையையும் இழுத்துச் சேர்த்து வைப்பவளும் அவளே. சம்பளத்துக்கு இருக்கிற பெண். நாளைக்கே வெளியே போ என்று சொன்னால் போக வேண்டியவள். அந்த வீட்டில் இழக்கச் சொத்து எதுவும் இல்லாத அவளுக்குத்தான் அதிகத் துணிச்சல்.

எல்மீருடைய துணிச்சல் வேறு மாதிரி. அவள் சத்தம் போடுகிறவள் அல்ல. கணவன் நம்பவில்லை என்றதும் அவனை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்து, தர்த்துய்ஃபை வரவழைத்து, அவன் ஆசை வார்த்தைகளைக் கணவன் காதாலேயே கேட்க வைக்கிறாள். நடுவில் இருமிச் சைகை காட்டுகிறாள். மேசைக்கு அடியில் இருக்கிறவர் அசையவில்லை. மனைவியின் மானம் கப்பலேறும் கட்டம் வந்தும் அசையவில்லை. இந்தக் காட்சிக்குச் சிரிக்காதவர் கிடையாது. ஆனால் அந்த இருமலை யோசித்துப் பாருங்கள். தன் வீட்டில், தன் கணவனுக்கு இரண்டடி தூரத்தில், உதவிக்கு ஆள் இல்லாமல் நிற்கும் ஒருத்தியின் இருமல் அது. மொலியேர் நம்மைச் சிரிக்க வைத்துக்கொண்டே அதையும் காட்டிவிடுகிறார்.

ஓர்கோன் கடைசியில் வெளியே வருகிறார். கண் திறந்துவிட்டது. எல்மீர் ஜெயித்துவிட்டாள். நாடகம் இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஏனென்றால் அதற்கு முன்பே ஓர்கோன் தன் சொத்து முழுவதையும் தர்த்துய்ஃப் பெயருக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டார். வெளியே போடா என்று இவர் சொன்னால், வீடு என்னுடையது, நீ போ என்கிறான் அவன். மறுநாள் காலைக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி மொஸ்யே லொயால் என்ற கோர்ட் அமீனா காகிதத்தோடு வந்து நிற்கிறார். அவருடைய முதுகு கம்படிக்குத் தோதாக இருக்கிறது என்கிறாள் தொரீன். அதற்கு அவர், பெண்கள் மேலும் வாரண்டு போட வழி உண்டு என்று நிதானமாக நினைவூட்டுகிறார்.

என் பார்வையில் நாடகத்தின் ஆணிவேர் இந்த ஒரு பதில்தான். வீட்டுப் பத்திரத்தில் எந்தப் பெண்ணின் கையெழுத்தும் கேட்கப்படவில்லை. மனைவியைக் கேட்கவில்லை, மகளைக் கேட்கவில்லை. ஆனால் தண்டனை என்று வரும்போது மட்டும் சட்டத்துக்குப் பெண்ணையும் கண் தெரிகிறது. எல்மீரின் சாமர்த்தியம் கணவனின் கண்ணைத் திறந்தது; பத்திரத்தைக் கிழிக்க அதனால் முடியவில்லை. அதைக் கிழிக்க அரசரின் அதிகாரி வர வேண்டியிருந்தது. அரசர் உண்மையை அறிந்து அந்தத் தானத்தையே ரத்து செய்கிறார். இந்த முடிவு செயற்கையாக இருக்கிறது என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. செயற்கைதான். ஆனால் கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் பலம் என்ன என்று தெரிந்தவனுக்கு, அரசரை விடச் சின்ன ஆள் யாரும் அதை உடைத்திருக்க முடியாது என்பதும் புரியும்.

எங்கள் குடும்பத்திலேயே ஒன்று நடந்தது. என் அத்தை ஒருவர், எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர். மாமா ஒரு சிநேகிதருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடக் கிளம்பியபோது, "ஏங்க, அந்த ஆளு நம்ம முகத்தப் பாத்துப் பேசவே மாட்டேங்கறானே, கவனிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாராம். மாமா கவனிக்கவில்லை. இரண்டு வருடத்தில் வீடு ஏலத்துக்குப் போனது. ஏல நோட்டீஸில் அத்தையின் பெயர் கிடையாது. வீட்டிலிருந்து சாமான்களை எடுத்து வண்டியில் ஏற்றியவர் மட்டும் அவர்தான். பின்னாளில் அலுவலகத்திலும் இப்படிப்பட்ட பெண்களை நிறையப் பார்த்தேன். எல்லாம் தெரிந்தவர்களாக, எந்தக் காகிதத்திலும் பெயர் இல்லாதவர்களாக, மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். 'தர்த்துய்ஃப்' எனக்கு வெறும் பாடப் புத்தகமாக இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

சரி, பெண்ணின் கையில் பேனா வந்தால் என்ன ஆகும்? அதையும் மொலியேர் யோசித்திருக்கிறார். 1662 டிசம்பரில் அரங்கேறிய 'லெக்கோல் தெ ஃபாம்', அதாவது 'பெண்களின் பள்ளி'யைப் பாருங்கள். அர்னோல்ஃப் என்ற நடுவயதுக்காரர், நான்கு வயதிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தன் செலவில் கன்னியர் மடத்தில் வளர்க்கிறார். எதற்கு? ஒன்றும் தெரியாதவளாக வளர்த்து, தானே கட்டிக்கொள்வதற்கு. விவரம் தெரிந்த மனைவி கணவனை ஏமாற்றுவாள் என்பது அவர் பயம். கல்யாணத்துக்கு முன் மனைவியின் கடமைகளைப் பட்டியலிட்ட ஒரு சிறு புத்தகத்தை ஆஞேஸிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்கிறார். அதில் ஒரு விதி: மனைவியின் சாமான்களில் மை, காகிதம், பேனா, எழுதும் மேசை எதுவும் இருக்கக் கூடாது, வீட்டில் எழுத வேண்டியதையெல்லாம் கணவனே எழுதிக்கொள்வான்.

ஆஞேஸுக்கு ஏற்கெனவே எழுதத் தெரிந்திருக்கிறது. ஓராஸ் என்ற இளைஞன் வந்தால் கல்லால் அடி என்று உத்தரவு. அடிக்கிறாள். கல்லோடு ஒரு கடிதமும் போய் விழுகிறது. உத்தரவை மீறவில்லை பாருங்கள், எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிவிட்டாள்! அலுவலகத்தில் மேலதிகாரியின் முட்டாள்தனமான உத்தரவை இப்படி நிறைவேற்றிய கெட்டிக்காரர்களை எனக்குத் தெரியும். அந்தக் கடிதமோ சாமர்த்தியம் எதுவும் இல்லாதது. தனக்கு எதுவும் தெரியாமல் வளர்த்துவிட்டார்கள் என்று இப்போதுதான் புரிகிறது, என்னை ஏமாற்றிவிடாதே என்று ஒரு சின்னப் பெண் தடுமாறித் தடுமாறி எழுதுகிறாள். ஓராஸ் அதை அர்னோல்ஃபிடமே, அவர்தான் அவளை அடைத்து வைத்திருப்பவர் என்று தெரியாமல், படித்துக் காட்டுகிறான். எழுதக் கற்றுக்கொண்டது இதற்குத்தானா என்று அவர் மனதுக்குள் பொருமுகிறார்.

கடைசி அங்கத்தில் அர்னோல்ஃப் வளர்த்த கணக்கைச் சொல்லிக் காட்டும்போது, கடைசிக் காசு வரை ஓராஸ் உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்கிறாள் அவள். நீ வளர்த்த கடன் வேறு, நான் உன்னைக் கட்டிக்கொள்வது வேறு என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. முதல் அங்கத்தில் அசடாக வந்த பெண் ஐந்தாம் அங்கத்தில் இப்படிப் பேசுகிறாள். இத்தனைக்கும் யாரும் அவளுக்கு எதையும் போதிக்கவில்லை. எழுதத் தெரிந்ததும், பிடித்த ஒருவனிடம் பேசக் கிடைத்த கொஞ்ச நேரமும்தான் அவளுக்குக் கிடைத்த பள்ளிக்கூடம்.

மொலியேர் படித்த பெண்களை இழிவு செய்தார் என்பவர்கள் 1672ல் வந்த 'லே ஃபாம் சவாந்த்' நாடகத்தைக் காட்டுவார்கள். பெயரின் பொருளே 'படித்த பெண்கள்' என்பதுதான். அதில் ஃபிலமேந்த் என்ற குடும்பத் தலைவி, இலக்கணப் பிழையோடு பேசினாள் என்று சமையல்காரி மர்த்தீனை வேலையை விட்டே துரத்துகிறாள். ஒரு போலிக் கவிஞனைப் பெரிய மேதை என்று நம்பி, மகள் ஆன்ரியெத்தை அவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறாள். கேலிதான், மறுக்கவில்லை. ஆனால் ஃபிலமேந்த் செய்யும் தவறு என்ன என்று கவனியுங்கள். ஓர்கோன் செய்த அதே தவறு! அங்கே போலி பக்திமான், இங்கே போலிக் கவிஞன். அங்கே அப்பா நொத்தேரை வைத்து மகளைக் கொடுக்கப் பார்க்கிறார், இங்கே அம்மா. இந்த வீட்டில் அதிகாரம் அம்மா கையில் இருக்கிறது, அதனால் குருட்டுத்தனமும் அம்மாவிடம் வந்து சேர்ந்திருக்கிறது. உண்மை தெரிந்தவர்கள் வழக்கம்போல அதிகாரம் இல்லாதவர்கள்: சமையல்காரியும், யாருக்குக் கொடுப்பது என்று மற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அந்த மகளும்.

ஆகவே, பெண்கள் புத்திசாலிகள், ஆண்கள் அசடுகள் என்று மொலியேர் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கையெழுத்துப் போடும் உரிமை இருப்பவனுக்கு எதிரே நிற்பவரை உற்றுப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த உரிமை இல்லாதவர் எல்லாரையும் உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். அவருடைய சோறு அதில் இருக்கிறது. பணிப்பெண் தொரீனின் கூர்மை இப்படி வந்ததுதான். அதைப் பெண்ணின் பிறவிக் குணம் என்று புகழ்ந்துவிட்டுப் போவது, அவளுக்கு ஒரு மாலையைப் போட்டுவிட்டு அவள் பங்கைக் கொடுக்காமல் இருப்பதற்குச் சமம்.

'லெ மலாத் இமஜினேர்' நாடகத்தில் இது இன்னும் தெளிவாக வருகிறது. வியாதியே இல்லாமல் தன்னை நோயாளி என்று நம்பும் ஆர்கானின் கதை. 1673 பிப்ரவரியில், இதன் நான்காவது காட்சியில் ஆர்கானாக நடித்து முடித்த அன்றிரவே மொலியேர் இறந்துபோனார். ஆர்கானின் இரண்டாவது மனைவி பெலீன், சொத்தைத் தன் பெயருக்கு மாற்ற நொத்தேரையே கையோடு அழைத்து வருகிறாள். பாரிஸ் வழக்குச் சட்டப்படி மனைவிக்கு உயில் எழுதிவைக்க வழியில்லை என்று விளக்கிவிட்டு, அதே மூச்சில் அதைச் சுற்றிப் போகும் குறுக்கு வழிகளையும் அந்த நொத்தேர் சொல்லிக் கொடுக்கிறார். பணிப்பெண் துவாநெத்துக்குப் பத்திரமும் தெரியாது, சட்டமும் தெரியாது. செத்தவர்போலப் படுத்துக்கொள்ளுங்கள் என்று எஜமானிடம் சொல்கிறாள், அவ்வளவுதான். பெலீன் வந்து பார்க்கிறாள், ஒழிந்தான் என்கிறாள், உடனே பத்திரங்களையும் பணத்தையும் எடுக்க உதவிக்குக் கூப்பிடுகிறாள். மகள் அஞ்செலிக் வந்து அழுகிறாள். சட்டப் புத்தகம் முழுவதும் சேர்ந்து கண்டுபிடிக்க முடியாததை ஒரு பணிப்பெண் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

பெலீன் கெட்டவள்தான். ஆனாலும், கணவன் போனால் தன் கதி என்ன என்ற கேள்வி அந்தக் காலத்து இரண்டாம் தாரம் ஒவ்வொருத்தியின் நெஞ்சிலும் இருந்திருக்கும். அதையும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொண்டுதான் அவளை நான் படிக்கிறேன்.

நான் எழுதியதைப் படித்த என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாம் சரிங்க. கடைசியில அந்தப் பொண்ணுங்க கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போற வீட்ல பேனா யார் கையில இருக்கும்?" நியாயமான கேள்வி. மொலியேர் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆஞேஸின் கதைகூட, அமெரிக்காவிலிருந்து அவளுடைய தகப்பனார் வந்து இறங்கி, இரண்டு தகப்பன்மாரும் ஏற்கெனவே பேசி முடித்த சம்பந்தம் இதுதான் என்று தெரியவருவதால்தான் சுபமாக முடிகிறது. அவள் விரும்பியது கிடைத்தது, அவள் விரும்பியதற்காகக் கிடைக்கவில்லை.

பதில் சொல்ல நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1784ல் அரங்கேறிய பொமார்ஷேயின் 'ஃபிகாரோவின் கல்யாணம்' நாடகத்தில் பேனா பெண்கள் கையில் இருக்கிறது. சுஸான் என்ற பணிப்பெண் மேல் அவள் எஜமானப் பிரபுவுக்கு ஆசை. சுஸானும் பிரபுவின் மனைவியும் சேர்ந்து திட்டம் போடுகிறார்கள். சீமாட்டி சொல்லச் சொல்லச் சுஸான் பிரபுவுக்கு ஒரு சீட்டு எழுதுகிறாள். முத்திரைக்குப் பதில் ஒரு குண்டூசி. அரசாங்க முத்திரைகளோடு வாழ்ந்த எனக்கு அந்தக் குண்டூசியின் மேல் தனி மரியாதை உண்டு. எஜமானியும் பணிப்பெண்ணும் ஒரே காகிதத்தில் கூட்டாளிகள். ஊருக்கெல்லாம் தந்திரம் சொல்லும் ஃபிகாரோவுக்கே இது தெரியாது. இரவில் தோட்டத்தில் சுஸானின் உடையில் நிற்கும் சொந்த மனைவியிடமே பிரபு சரசம் பேசி, எல்லார் முன்னாலும் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறார். இந்தத் தடவை அரசரின் அதிகாரி வர வேண்டியிருக்கவில்லை.

அதே நாடகத்தில் மர்சலீன் என்ற வயதான பெண், பெண்களுக்குச் சொத்து விஷயத்தில் சிறுபிள்ளைக்குரிய இடம், குற்றம் என்று வந்தால் மட்டும் பெரியவர்களுக்குரிய தண்டனை என்று ஆண்களைப் பார்த்துக் கேட்கிறாள். தொரீனுக்கு அமீனா சொன்ன அந்தப் பதிலுக்கு, 115 ஆண்டு கழித்து வந்த எதிர்க்கேள்வி போல இருக்கிறது. இந்தப் பேச்சு மேடைக்குக் கனமானது என்று நடிகர்களே கேட்டுக்கொண்டதால் அரங்கேற்றத்தில் விடப்பட்டது. பொமார்ஷே அதை அச்சில் சேர்த்து வைத்தார். காகிதத்தின் அருமை தெரிந்தவர்.

மேடையில் ஜெயித்தாயிற்று, வெளியே? பிரான்சில் மணமான பெண், கணவனின் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகவும் தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் வழிசெய்த சட்டம் 1965 ஜூலையில்தான் வந்தது. அப்போது நான் பள்ளி மாணவன். தொரீனின் வசனங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அவள் மேடையேறி முந்நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதனால் அந்தச் சிரிப்பு வீண் என்று ஆகிவிடாது. சட்டம் மாறுவதற்கு முன்னால், அந்தச் சட்டத்தால் ஆளப்படும் வீடு எவ்வளவு கோமாளித்தனமானது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். முந்நூறு ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் யாராவது ஒரு ஓர்கோன் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்ட, அரங்கத்தில் உட்கார்ந்த கணவன்மார்கள் சிரித்திருக்கிறார்கள். சிரித்தவர்களில் சிலராவது வீட்டுக்குப் போய் மனைவி இருமியபோது திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இவற்றில் ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்கள் 'தர்த்துய்ஃப்' படியுங்கள். நான்காம் அங்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாம் அங்கத்தில் அந்த அமீனா வந்து காகிதத்தைப் பிரிக்கும் வரை படியுங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்து, அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.